புது லென்ஸில் சின்னக் குறையா? திருப்பி அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன வருடம் ஒரு 50 எம்எம் கேமரா லென்ஸ் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது, ஃபோகஸ் ரிங்குக்குக் கீழே கடுகளவு பெயின்ட் உதிர்ந்த இடம். அன்று முழுக்க அதையே தடவித் தடவிப் பார்த்தேனே தவிர, ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். முதலில், துடைக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து செல்போனில் நாலைந்து படம் எடுங்கள். ஒன்றிலாவது சீரியல் நம்பரும் குறையும் சேர்ந்து தெரியட்டும். பெட்டி, உறை, பில் எல்லாம் பத்திரம். ரிட்டர்ன் கெடு என்றைக்கு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறை வெளி உடம்பில் என்றால் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேமராவில் மாட்டும் வளையமான மவுண்டில் மெல்லிய கோடு தெரிந்தால், யாரோ ஏற்கெனவே மாட்டிப் பார்த்திருக்கலாம். புதுசுக்கான விலை கொடுத்திருக்கிறீர்கள், கடையில் கேளுங்கள்.

கண்ணாடி விஷயம் வேறு. இரண்டு மூடியையும் கழற்றி, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கம் பாருங்கள். பயந்துவிடாதீர்கள், இப்படிப் பார்த்தால் எந்தப் புது லென்ஸிலும் தூசி தெரியும். உள்ளே நாலைந்து துகள் இருந்தால் சாதாரணப் படத்தில் அது தெரியவே தெரியாது. ஃபோகஸே ஆகாத அளவு கிட்டத்தில் இருக்கிறது. சிலந்தி வலை போல இழை இழையாகப் பூஞ்சை, பால் படர்ந்த மாதிரி மங்கல், பின்பக்கக் கண்ணாடியில் கீறல், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல்தான் படத்தைக் கெடுக்கும்.

அப்புறம் படம் எடுத்துப் பாருங்கள். முக்காலியில் கேமராவை வைத்து, ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுங்கள், அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுதாகத் திறந்து ஒன்று, அதைச் சுருக்கி எஃப் 8-இல் ஒன்று. நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தெளிவில்லாமல் குழைந்திருந்தால், பெயின்டைவிட அதுதான் பெரிய குறை. இரவில் தூரத்துத் தெருவிளக்குகளை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் வட்ட வட்டமாக விழும். உள்தூசி தெரிந்தால் அந்த வட்டங்களுக்குள் புள்ளியாகத் தெரியும். எஃப் 16-இல் வெறும் வானத்தில் கரும்புள்ளி வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். வேறு லென்ஸிலும் அதே இடத்தில் வருகிறதென்றால் அது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் இருக்கும் தூசி.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் மட்டும் துடையுங்கள். காற்றடிக்கும் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு லென்ஸ் துடைக்கும் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடியில் விட்டால் ஓரத்தில் உள்ளே இறங்கிவிடும். சட்டை நுனியா? கூடவே கூடாது.

உதிர்ந்த இடத்தில் பல்குச்சியால் கறுப்பு மேட் அக்ரிலிக் தொட்டு வைக்கலாம். நான் வைக்கவில்லை. நண்பனிடமும் இதே லென்ஸ்தான்; இரண்டும் ஒரே பையில் கிடந்தால், அந்தக் கடுகளவு புள்ளியைப் பார்த்துத்தான் என்னுடையதை எடுக்கிறேன்.