புதுசா வந்த செடானின்ர வடிவை எப்பிடிப் பாக்கிறது, எப்பிடிக் கதைக்கிறது

ஒரு புதுச் செடானின்ர, அதாவது பின்னுக்கு டிக்கி தனியா நீண்டு நிக்கிற காரின்ர, படம் ஃபோனில வந்து விழுந்த உடன எங்கட பெடியளுக்குள்ள ரெண்டு கட்சி பிரிஞ்சிடும், ஒருத்தன் "என்ன வடிவு மச்சான்" எண்டுவான் மற்றவன் "மூஞ்சையைப் பாக்கேலாது" எண்டுவான், பிறகு சாமம் மட்டும் அந்த ரெண்டு வசனந்தான் திரும்பத் திரும்ப ஓடும். எனக்கு இந்தக் கதை சரியான விருப்பம், கார் வடிவைப் பற்றி விடிய விடியக் கதைக்கலாம். ஆனா கதைச்சு ஒரு பிரயோசனம் வரவேணும் எண்டால் எந்தக் கோடு பிடிக்கேல்ல, எந்தப் பக்கத்தால பாத்தது, எவ்வளவு எட்ட நிண்டு பாத்தது எண்டு சொல்லத் தெரியவேணும். கார் எண்டால் சாப்பாட்டையும் மறக்கிற தம்பிமார் தங்கச்சிமாருக்காக அதைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல எங்கட கண்ணுக்கு எது பழகிப்போச்சு எண்டு விளங்கவேணும். 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசத்துக்குள்ள வெளியில கார் எல்லாம் உருவம் மாறிப்போக எங்கட யாழ்ப்பாணத்துக் கண்டி வீதியிலயும் பலாலி வீதியிலயும் அதே டொயோட்டா அக்ஸியோ, பிறீமியோ, அலியன், ஹொண்டா கிறேஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாலுக்கும் அகலம் 1695 மில்லிமீற்றர்தான். ஏனெண்டால் ஜப்பானில நீளம் 4700, அகலம் 1700 தாண்டினால் நம்பர் பிளேற்றின்ர வகுப்பே மாறியிடும், அதுக்குள்ள அடக்கவேணும் எண்டுதான் அந்த அகலத்தில வெட்டி வச்சிருக்கிறாங்கள். ஒடுங்கின கொஞ்சம் உயர்ந்த கார்தான் "அளவான கார்" எண்டு எங்கட கண் பழகியிட்டுது, அதால இப்ப இறங்கிற அகலமான பதிஞ்ச கார் ஒண்டைக் கண்ட உடன ஏதோ பிழை மாதிரித் தெரியும். அந்த முதல் நாள் அபிப்பிராயத்தை வெளியில சொல்லாமக் கொஞ்ச நாள் வச்சிருங்கோ.

கம்பனி விடுற படத்தை வச்சு ஒரு முடிவும் எடுக்காதேங்கோ. கமராவைக் கிட்டக் கொண்டுபோய் அகலமா எடுக்கிற லென்ஸால எடுத்தால் கிட்ட இருக்கிற பஃபரும் கிரில்லும் வீங்கித் தெரியும், பின்பக்கம் சுருங்கியிடும், ஃபோனாலயும் உதேதான் நடக்கும். நேர காரைக் கண்டால் ஒரு இருபது இருபத்தைஞ்சு அடி தள்ளிப்போய் நிண்டு சூம் பண்ணி எடுங்கோ, பக்கவாட்டுப் படம் எண்டால் கதவின்ர நடு உயரத்துக்குக் குனிஞ்சு எடுக்கவேணும். நிண்ட உயரத்தில எடுத்தால் எல்லாக் காரும் கட்டையாத்தான் தெரியும்.

இப்ப முக்கியமான வேலை, பக்கவாட்டு. நான் எப்பவும் சொல்லுறது, மூஞ்சையைக் கடைசியாப் பாருங்கோ, பக்கத்தை முதல்ல பாருங்கோ. பக்கவாட்டுப் படத்தை பெரிசாக்கிப் போட்டு ஒரு கடதாசித் துண்டின்ர விளிம்பில முன் ரயர் வட்டத்தின்ர முழுக் குறுக்களவைப் பேனையால குறிச்சு எடுங்கோ, பிறகு முன் ரயர் முடியிற இடத்தில இருந்து பின் ரயர் தொடங்கிற இடம் மட்டும் அந்த அளவு எத்தினை தரம் போகுது எண்டு வச்சுப் பாருங்கோ. மூண்டு, மூண்டேகாலுக்குக் கிட்ட வந்தால் கார் ஒழுங்கா நிக்கிற மாதிரித் தெரியும், நாலுக்குக் கிட்டப் போனால் உடம்பு பெரிசு கால் சின்னன் எண்டு கண் சொல்லும்.

கணக்கோட சொல்லுறன். அக்ஸியோவின்ர வீல்பேஸ், அதாவது முன் சில்லின்ர நடுவில இருந்து பின் சில்லின்ர நடு மட்டும் உள்ள தூரம், 2600 மில்லிமீற்றர், உயரம் 1460. பிவைடி சீல் எண்ட இலக்ரிக் செடானுக்கு வீல்பேஸ் 2920, உயரம் அதே 1460. உயரத்தில ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இல்லை, ஆனா சீல் 1875 அகலம், அதாவது 180 மில்லிமீற்றர் கூட. அதாலதான் சீலைப் பாக்கேக்க நிலத்தோட ஒட்டிக் கிடக்கிற மாதிரித் தெரியுது, உண்மையில அது அக்ஸியோவை விடப் பதிவில்லை, அகலந்தான் அப்பிடிக் காட்டுது. அடுத்தது ரயர். அக்ஸியோவின்ர 175/65 ஆர் 15 ரயர் (அகலம் 175 மில்லிமீற்றர், ஓரத்தின்ர உயரம் அதில 65 வீதம், றிம் 15 இஞ்சி) நிண்டால் உயரம் கிட்டத்தட்ட 608, சீலின்ர 235/45 ஆர் 19 கிட்டத்தட்ட 694. ரெண்டுக்கும் கடதாசியை வச்சுப் பாத்தால் ரெண்டிலயும் மூண்டேகால்தான் வரும்! அக்ஸியோவின்ர ரயரைக் கொண்டுபோய் சீலுக்குப் போட்டால் அது 3.8 ஆப் போயிடும். "19 இஞ்சி றிம் சும்மா பகட்டுக்கு" எண்டு ஒருத்தர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கோ, பற்றறியைக் காரின்ர தளத்துக்குக் கீழ போட்டு உடம்பு நீண்டு தடிச்சால் சில்லும் வளரத்தான் வேணும். கதவுக்குக் கீழ கறுப்பு பிளாஸ்ரிக் ஒட்டுறதும் அந்தத் தடிப்பை மறைக்கத்தான்.

அதே படத்தில முன் கண்ணாடிக்குப் பக்கத்தில இருக்கிற ஏ பில்லர் சரிஞ்சு வாற கோட்டை அடிமட்டம் வச்சுக் கீழ நீட்டிப் பாருங்கோ, அது முன் சில்லின்ர எந்த இடத்தில வந்து விழுது? சில்லின்ர நடுவுக்கு முன்னுக்கு விழுந்தால் காரின்ர தலை முன்னுக்குத் தள்ளி பொனற் கட்டையாத் தெரியும், பின்னுக்குப் போகப் போக பொனற் நீண்டு கார் அமைதியாத் தெரியும். 2015இல வந்த சிவிக்கையும் 2021இல வந்த சிவிக்கையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தால் இது வடிவா விளங்கும், புதுசில ஹொண்டா அந்த பில்லரைக் கிட்டத்தட்ட 50 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினது. அஞ்சு சென்ரிமீற்றர்தானே எண்டு நினைக்கலாம், ஆனா பழைய சிவிக்கைக் கோவக்காரன் எண்டும் புதுசை அடக்கமானவன் எண்டும் ஆக்கள் சொல்லுறதுக்கு அந்த அஞ்சு சென்ரிமீற்றரும் ஒரு பெரிய காரணம்.

அளவுதான் வடிவு எண்டுறதுக்கு எங்கட ஊரிலயே சாட்சி இருக்கு, மொறிஸ் மைனர். 1948இல அதை வெளியில விட முதல் அலெக் இசிகோனிஸ் எண்ட டிசைனருக்கு கார் ஒடுக்கமா நிக்குது எண்டு மனசு ஒப்பேல்ல, மாதிரிக் காரை முன்னுக்கிருந்து பின்னுக்கு நெடுகலா ரெண்டாப் பிளந்து ரெண்டு பாதியையும் விலத்தி விலத்தி வச்சுப் பாத்து நாலு இஞ்சி விலத்தினாப் பிறகுதான் சரி எண்டவர். ஊரில எங்கயாவது ஒரு மைனர் நிண்டால் கிட்டப் போய் பொனற்றைப் பாருங்கோ, நடுவால மட்டமா ஒரு பட்டை ஓடும், அந்த நாலு இஞ்சிதான் அது. பஃபர் ஏற்கெனவே செய்து முடிஞ்சதால அதையும் நடுவால வெட்டித் துண்டு வச்சுப் பொருத்தித்தான் விட்டவங்கள். சண்டைக் காலத்தில பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டுதான் எங்கட சனம் மைனரையும் ஒஸ்ரின் ஏ ஃபோட்டியையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் நினைவு வச்சிருக்கு, அது சரிதான், ஆனா அதுகளின்ர வடிவும் நிண்டு பாக்கவேண்டிய சாமான். 1959இல வந்த கேம்பிறிட்ஜ் இத்தாலிக்காரன் பினின்ஃபரீனா கீறினது, பின்னுக்குச் செட்டை எழும்பி நிக்கும், 1961இல ஏ60 எண்ட அடுத்த கேம்பிறிட்ஜ் வரேக்க அந்தச் செட்டையைக் குறைச்சவங்கள். புது செடானைப் பற்றி விவாதிக்கிறவருக்கு இந்தப் பழசுகளைப் பாத்த கண் பெரிய உதவி செய்யும்.

அளவு முடிஞ்சால் தகடு. மத்தியான வெயிலுக்குள்ள நிண்டு காரின்ர மேற்பரப்பைப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்லை, எங்கட வெயில் எல்லாத்தையும் வெளிறடிச்சுப் போடும். காலமை வெள்ளண்ண இல்லாட்டி பின்னேரம், பண்ணைப் பாலத்தடி மாதிரி வெளியான இடம் எண்டால் திறம். முன் கதவில இருந்து பின் கதவு மட்டும் வானமும் நிலமும் சேருற கோடு பெயின்ற்றில விழுந்திருக்கும், நீங்கள் மெதுவா நடக்க நடக்க அந்தக் கோடும் ஓடும், அது வழுக்கிக்கொண்டு போகுதோ, ஒரு இடத்தில நெளிஞ்சு முறியுதோ எண்டு பாருங்கோ. நல்ல கையால செய்த காரில நெளிவு வந்தாலும் ஒரு காரணத்தோட வரும், உதாரணத்துக்கு 2020இல வந்த ஹையுண்டாய் எலான்ராவின்ர கதவில மூண்டு கோடு ஓடி வந்து ஒரு புள்ளியில சந்திக்கும், பிடிக்குதோ இல்லையோ அது தெரிஞ்சு செய்த வேலை. வெள்ளைக் காரில இதெல்லாம் தெரியிறது குறைவு, சில்வர், சாம்பல், கடும் நீலத்தில பாருங்கோ.

சரி, இப்ப மூஞ்சைக்கு வருவம், எல்லாச் சண்டையும் நடக்கிறது அதிலதானே. மூஞ்சை மாறும், எலும்பு மாறாது. 2015இல வந்த எலான்ராவுக்கு 2018இல முக்கோண ஹெட்லைற் போட்டு விட்டவங்கள், கனபேருக்குப் பிடிக்கேல்ல, ஆனா கதவும் றூஃபும் அதேதான். அதால மூஞ்சைக்கு மட்டும் ஒரு காரைத் தள்ளி வைக்காதேங்கோ, மூஞ்சைக்கு மட்டும் விரும்பவும் வேண்டாம்.

இதில ஒரு விசயத்தைப் பிரிச்சுப் பாக்கப் பழகவேணும், டிசைனர் விரும்பிச் செய்தது எது, செய்யவேண்டி வந்தது எது? ஐரோப்பாவில 2011இல இருந்து புது மொடல்களுக்குப் பகலில எரியிற லைற் கட்டாயம், எல்ஈடி வந்தாப் பிறகு லைற்றை எவ்வளவும் மெல்லிசாச் செய்யலாம், அதாலதான் இப்ப மேல ஒரு மெல்லிய கோடும் கீழ பஃபருக்குள்ள உண்மையான ஹெட்லைற்றுமா வருது. றோட்டில போற ஆளை இடிச்சால் தலை அடிபடுற இடத்தில இன்ஜினுக்கும் பொனற்றுக்கும் இடையில இடைவெளி வேணும் எண்ட சட்டத்தால பொனற் உயர்ந்தது. கன காரில லோகோவுக்குப் பின்னால ரேடார் இருக்கு, அதால லோகோ தட்டையாகிப் பெரிசாச்சு. இலக்ரிக் காருக்குப் பழைய மாதிரிக் காத்து தேவையில்லை, கிரில் மூடுப்பட்டிட்டுது. இதுகளுக்கு டிசைனரை ஏசுறது நியாயமில்லை. ஆனா 2020இல பிஎம்டபிள்யூ 4 சீரிஸுக்கு நம்பர் பிளேற்றைக் கிரில்லுக்குக் குறுக்காலயே வைக்கவேண்டி வாற அளவுக்கு கிரில்லை உயர்த்தினது ஒருத்தரும் கட்டாயப்படுத்தி இல்லை, அது அவையளின்ர விருப்பம், அதை வடிவா விமர்சிக்கலாம். காத்து வெளியேறாத போலித் துவாரம், புகை வராத போலிக் குழாய், இதுகளுக்கு என்னட்ட மன்னிப்பே இல்லை.

"அதைப் பாத்துக் கொப்பி அடிச்சிருக்கிறாங்கள்" எண்ட கதை எப்பவும் வரும். 2024இல விற்பனைக்கு வந்த சியோமி எஸ்யூ7 போர்ஷ டைக்கானைப் போல இருக்கு எண்டு உலகமே சொன்னது, நானும் முன்பக்கத்தில அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா சொல்லுறவர் எந்த இடம் எண்டு விரலை வச்சுக் காட்டவேணும். பின் கதவுக் கண்ணாடி முடியிற இடத்தில கோடு முன்னுக்கு மடியும் பாருங்கோ, அது பிஎம்டபிள்யூ 1961இல காட்டின 1500 காரில இருந்து அவையளின்ர அடையாளம், இண்டைக்கு எத்தினையோ கம்பனியின்ர செடானில உது இருக்கு. றூஃப் பின்னுக்குச் சரிஞ்சு இறங்கிறது காத்தை வெட்ட எல்லாரும் செய்யிறது, அதைக் கொப்பி எண்டு சொல்லேலாது.

அவசரப்படாதேங்கோ எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் 2001இல வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ். டிக்கி தனியாத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு எண்டு ஆக்கள் கொதிச்சு டிசைன் தலைவர் கிறிஸ் பாங்கிளை நிப்பாட்டச் சொல்லிக் கையெழுத்தே சேர்த்தவை, ஆனா கார் நல்லா வித்தது, பிறகு அந்த உயர்ந்த டிக்கி மற்றக் கம்பனிகளின்ர செடானிலயும் வந்திட்டுது.

எங்கட மண்ணையும் மறக்கவேண்டாம். கோண்டாவில் சுன்னாகம் பக்கத்துச் செம்மண் புழுதி கதவுக்குக் கீழயும் பின் பஃபரிலயும் வந்து படியும், மினுங்கிற கறுப்பு பிளாஸ்ரிக் கூடின கார் ரெண்டு கிழமையில கீறலும் தூசியுமா வடிவைத் துலைச்சுப்போடும், அதைத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்கோ. முன் சில்லுக்கு முன்னால மூஞ்சை நீண்டு பதிஞ்சிருந்தால் ஒழுங்கையால ஏறேக்க பஃபர் உரசும். 1875 அகலக் காரை ரெண்டு மதிலுக்கு நடுவில திருப்பிறதும் கண்ணாடியை மடக்கி வச்சுத்தான் நடக்கும், அதால வீட்டு ஒழுங்கையை முதல்ல அளந்து வையுங்கோ.

கதைக்கிற முறையும் இருக்கு. கார் எடுத்தவர் பக்கத்தில நிண்டால், அதுவும் கோயிலில பூசை செய்து சந்தனம் குங்குமம் காயாமல் பொனற்றில நிக்கேக்க, "அண்ணை மூஞ்சை சரியில்லை" எண்டு துவங்காதேங்கோ. இந்த விலைக்கும் வரிக்கும் ஒரு குடும்பம் எத்தினை வருசம் சேர்த்திருக்கும். "அண்ணை எந்தப் பக்கத்தால பாக்க உங்களுக்கு விருப்பம்?" எண்டு கேளுங்கோ, அவர் காட்டுற பக்கத்தில நீங்கள் காணாத ஒண்டு கட்டாயம் இருக்கும். படம் எடுக்கிறதெண்டால் கேட்டிட்டு எடுங்கோ, நம்பர் பிளேற்றை மறைச்சிட்டுப் போடுங்கோ.

கடைசியா ஒண்டு, ஷோறூமில முன்னுக்கு நிக்கிறது எப்பவும் கூடின விலை மொடல். அதில பெரிய றிம், சண்றூஃப், முழு எல்ஈடி எல்லாம் இருக்கும். குறைஞ்ச மொடலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, இல்லை எண்டால் அதின்ர ரயர் அளவை விலைப்பட்டியலில பாத்துக் குறிச்சுக்கொண்டு வந்து கடதாசிக் கணக்கைத் திரும்பப் போடுங்கோ. 19 இஞ்சியில மூண்டேகால் வந்த கார் 16 இஞ்சியும் மெல்லிய ரயருமா மூண்டேமுக்காலுக்குப் போகுது எண்டால் படத்தில நீங்கள் விரும்பின கார் ஒண்டு, வீட்டு வாசலில வந்து நிக்கப்போறது இன்னொண்டு.