மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகும் லீவு வேண்டுமா? கேட்டு வாங்கும் முறை

ஆறு மாத லீவு முடிந்தபின் இன்னும் இரண்டு மாதம் கேட்டால் நிர்வாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனியார் வேலையில் 26 வாரத்துக்கு மேல் சட்டப்படி கிடைக்கும் நீட்டிப்பு ஒரே ஒரு மாதம்தான். அதற்கும் உடல்நலக் காரணம் வேண்டும். அதன் பிறகு வருவது உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் லீவு, அல்லது நிர்வாகம் பார்த்துத் தருவது. சட்டம் தரும் லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்க முடியாது. நிர்வாகம் தரும் நாட்களுக்கு எழுத்தில் அனுமதி இருந்தால்தான் பாதுகாப்பு. ‘சரிம்மா, பாத்துக்கலாம்’ என்று போனில் சொன்னது நாளை மெமோ வரும்போது உதவாது.

முதலில் நாளை எண்ணுங்கள். 26 வாரம் என்பது 182 நாள். ஞாயிறும் பண்டிகை நாளும் அதற்குள் அடக்கம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். பிரசவத்துக்கு முன்பே எடுத்த நாட்களும் இதில் சேரும் என்பதை மறந்துவிட்டு, குழந்தை பிறந்த தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் தெரியாமலே சில வாரம் அனுமதியில்லாத லீவில் இருப்பார்கள். ஜூன் 1இல் லீவு தொடங்கியிருந்தால் நவம்பர் 29 கடைசி நாள். 30ஆம் தேதி வேலைக்குப் போக வேண்டும். நீட்டிப்புக் கடிதம் அக்டோபர் கடைசியிலேயே போய்ச் சேர வேண்டும்.

அந்த ஒரு மாதம்

கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு, குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை இவற்றால் வந்த உடல்நலக் குறைவுக்குச் சம்பளத்தோடு அதிகபட்சம் ஒரு மாதம் கிடைக்கும். குழந்தைக்குச் சளி, பால் குடிக்கவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதெல்லாம் உண்மையான சிரமங்கள்தான், ஆனால் இந்த ஒரு மாதக் கணக்கில் வராது.

விண்ணப்பம் பெரும்பாலும் மருத்துவச் சான்றில்தான் சறுக்குகிறது. ‘ஒரு மாத ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதிய சான்றை நிர்வாகம் திருப்பி அனுப்பலாம். என்ன நோய், அது பிரசவத்தோடு எப்படித் தொடர்புடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘சிசேரியன் தையலில் சீழ் பிடித்ததால்’, ‘பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தசோகையால்’ என்று காரணம் தெளிவாக நிற்கட்டும். டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை மூன்றையும் அங்கேயே சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

டெல்டாவில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வேலை திருச்சியில், புகுந்த வீடு ஒரத்தநாட்டில், பிரசவம் அம்மா வீட்டுப் பக்கம் மயிலாடுதுறையில் என்று இருக்கும். சிக்கலான கேஸ் என்று தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஓர் ஊரில், தையல் பிரித்தது இன்னோர் ஊரில், கடைசியில் சான்று தருவது பிரசவத்தையே பார்க்காத பக்கத்துத் தெரு டாக்டர். அவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய், அதைப் பார்த்து எழுதியதாகச் சான்றில் குறிக்கச் சொல்லுங்கள். பெயரும் ஒத்துப்போக வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் கணவர் பெயரும் ஆபீஸ் கோப்பில் அப்பா இனிஷியலும் இருந்தால் ஆதார் நகலைச் சேர்த்து வையுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) பணத்தை நிர்வாகம் தராது, இ.எஸ்.ஐ. கழகம்தான் தரும். அந்த ஒரு மாதம் அவர்களுக்கும் உண்டு. சான்றை மட்டும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்குங்கள். அதற்கு மேலும் உடம்பு சரியில்லை என்றால் நோய்க்காலப் பலன் என்று தனியாக இருக்கிறது: சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் அதற்குரிய ஆறு மாதப் பருவத்தில் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். நீண்ட லீவில் இருந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் தட்டும். நம்பி உட்காராமல் கிளை அலுவலகத்தில் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மீதி நாட்களை அடுக்கும் வரிசை

சம்பளம் வரும் லீவு முன்னால், சம்பளமில்லாத லீவு கடைசியில். மேலே சொன்ன உதாரணத்திலேயே பார்க்கலாம். நவம்பர் 30 முதல் டிசம்பர் 29 வரை மருத்துவ மாதம். கையில் 12 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தால் ஜனவரி 10 வரை. பொங்கல் கழித்துத்தான் முடியும் என்றால் 11 முதல் 18 வரை எட்டு நாள் லாஸ் ஆஃப் பே. கடிதத்தில் ‘தை பிறந்ததும் வருகிறேன்’, ‘மழை விட்டதும் வருகிறேன்’ என்று எழுதக் கூடாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கைக்குழந்தையோடு பஸ் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் கோப்புக்குத் தேவை ஒரு தேதி.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

‘எனது மகப்பேறு விடுப்பு 29.11 அன்று முடிகிறது. பிரசவத்தைத் தொடர்ந்த ரத்தசோகைக்குச் சிகிச்சை பெறுவதால் 30.11 முதல் 29.12 வரை கூடுதல் மகப்பேறு விடுப்பும், தொடர்ந்து 10.01 வரை ஈட்டிய விடுப்பும், 18.01 வரை சம்பளமில்லா விடுப்பும் கோருகிறேன். 19.01 அன்று பணியில் சேர்வேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். அனுமதியை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

சட்டப் பிரிவு எண் எதுவும் போட வேண்டாம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தின் ஏற்பாடுகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. பழைய எண்ணை எழுதினால் வீண் விவாதம்தான் மிஞ்சும். மெயிலில் அனுப்புங்கள். மெயிலே பார்க்காத ஜவுளிக்கடை, ரைஸ்மில் நிர்வாகம் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிலாக ‘இப்போதைக்கு ராஜினாமா எழுதிக் கொடும்மா, புள்ள வளந்ததும் சேத்துக்குறோம்’ என்று வந்தால் எழுதவே எழுதாதீர்கள். பணித்தொடர்ச்சி அறுந்துவிடும், கிராஜுவிட்டிக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சட்டப்படியான நாட்களை மறுத்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

கணக்கு, டிசைன் போன்ற வேலை என்றால் வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை மாதம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் இழுபறி குறையும்.

அரசு வேலை

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் என்பதால் நீட்டிப்புத் தேவை குறைவு. தேவைப்பட்டால் ஈட்டிய விடுப்பு, பிறகு மருத்துவச் சான்றின் பேரிலான விடுப்பு, கடைசியில் சம்பளமில்லா அசாதாரண விடுப்பு. அனுமதி ஆணை பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஊதிய உயர்வு நேரத்தில் அலைய வேண்டிவரும்.

தபால், ரயில்வே போன்ற மத்திய அரசு வேலையில் 180 நாள் மகப்பேறு விடுப்போடு, 18 வயது வரையுள்ள முதல் இரு குழந்தைகளுக்காக, பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். முழுவதையும் கைக்குழந்தைக் காலத்திலேயே கரைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வருடங்களில் இதைத் தேடுவீர்கள். தகுதிகாண் பருவத்தில் இது சாதாரணமாகக் கிடைக்காது.

சேரும் நாளில்

மருத்துவ லீவு முடிந்து போகும்போது உடற்தகுதிச் சான்று கேட்பார்கள், முந்தின நாளே வாங்கி வையுங்கள். சேர்ந்ததற்கும் ஒரு வரிக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இவற்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.