லூஜ் அணித் தொடர்போட்டி: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ரேக்ளா பார்த்து வளர்ந்த கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு லூஜ் என்னும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம் புரிய அதிக நேரம் ஆகாது. நம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்தில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு, கடிகாரத்தில் புள்ளிக்கு அப்புறம் விழும் இலக்கத்தைப் பார்த்துத்தான் பரிசு கொடுப்பார்கள். பனித்தடத்தில் மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டி இறங்கும் லூஜும் அப்படித்தான். இழுக்கக் காளை கிடையாது, சரிவுதான் இழுக்கிறது. நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள்.

ஆனால் ஒரே அணியின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் அணித் தொடர்போட்டியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. தனிப் போட்டியில் வீரர் கைப்பிடியை இழுத்துக் கிளம்பி, சற்றுத் தள்ளியிருக்கும் ஒளிக்கற்றையை வண்டி கடந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். ஆகவே கிளம்பக் கொடுத்த நேரத்துக்குள் மேலே முன்னும் பின்னும் ஆடினாலும் நஷ்டமில்லை. தொடர்போட்டியில் முதல் வண்டிக்கு ஓடத் தொடங்கிய கடிகாரம் கடைசி வண்டி வரை நிற்காது. கீழே வந்தவர் தடத்துக்கு மேலே தொங்கும் தொடுபலகையைக் கையால் அடித்தால்தான் மேலே அடுத்தவருக்குக் கேட் திறக்கும். நான்கு வண்டிகளின் தனி நேரங்களைக் கூட்டிப் பார்த்து ‘நாம்தான் ஜெயிப்போம்’ என்று கணக்குப் போடும் அணி, இந்தக் கைமாற்றத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பழைய காணொளிகளைப் பார்த்து வரிசையைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி அறிமுகமானபோது மூன்றே வண்டிகள்: பெண், ஆண், இரட்டையர். இப்போது நான்கு வண்டி, ஆறு பேர். பெண் ஒற்றையர், ஆண் இரட்டையர், ஆண் ஒற்றையர், பெண் இரட்டையர் என்று வரிசை. ஒரு வண்டிக்கு ஆள் இல்லை என்றாலும் பெயர் கொடுக்க முடியாது. 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தனியாக இறங்கிய ஷிவ கேசவனுக்கு இந்தப் போட்டி எட்டாமல் போனது இதனால்தான்.

கேட் அருகே நடக்கும் தவறு இரண்டு வகை. அவசரக்காரர் திறப்பதற்குள் இழுத்துவிட்டு மூடிய கேட்டில் முட்டுவார். சேர்த்த வேகம் அங்கேயே போச்சு. பயந்தவர் திறந்ததைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு இழுப்பார். தோழர் வளைவு வளைவாகச் சேமித்த நேரம் அதில் கரையும். கீழே வருபவரின் கடைசி வளைவு வரை கவனித்து, முழங்கையை மடக்கி, உடம்பைப் பின்னுக்கு வைத்துத் தயாராக இருக்க வேண்டும். கேட் அசையும்போது இழுப்பு தொடங்கியிருக்க வேண்டும். இழுத்த பிறகு முள் பதித்த கையுறையால் பனியை உந்துவதை அளவோடு நிறுத்திப் படுத்துவிட வேண்டும்; ஓர் உந்து கூடினால் வண்டி கோணலாகும்.

தடத்தின் நடுவே சொல்ல அதிகமில்லை. கெண்டைக்காலாலும் தோளாலும் மெல்ல அழுத்தித் திருப்புவதுதான். சுவரில் உரசினால் நேரம் போகும். வண்டி கையை விட்டுப் போனாலோ அணிக்கே போட்டி முடிந்தது.

உண்மையான கூத்து தொடுபலகையில். பலகையை அடிக்காமல் கடந்துவிட்டால் மேலே கேட் திறக்காது, அணி வெளியே. படுத்து வருபவர் எழும்பினால்தான் கை எட்டும். சீக்கிரம் எழுந்தால் மார்பில் காற்று அறைந்து வேகம் குறையும், வண்டியும் ஆடும். தாமதித்தால் பலகை தலைக்கு மேலே போய்விடும். மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். கால் நொடி தயங்கினால் 7 மீட்டர் தாண்டியிருப்பீர்கள். ஆகவே முடிவுக்கோடு வரை தலை தாழ்ந்தே இருக்கட்டும். கோட்டைத் தாண்டியதும் வயிற்றுத் தசையால் எழும்பி, கண்ணைப் பலகையிலேயே வைத்து அடியுங்கள். இரட்டையரில் கீழே படுத்திருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. அடிப்பது மேலிருப்பவர் வேலை என்று முன்பே பேசி முடித்துவிட வேண்டும். இரண்டு பேரும் கை நீட்டினால் வண்டி தடுமாறும்.

வண்டியின் அடியில் பனியைத் தொடும் எஃகுப் பட்டையை மறந்துவிடக் கூடாது. எமரித் தாளில் சொரசொரப்பிலிருந்து மிருதுவுக்குப் படிப்படியாக இறங்கி, கடைசியில் வைரப் பசை போட்டுத் தேய்ப்பார்கள். பட்டறைக்காரர்கள் நிறைந்த கோவைக்கு இது புதிதல்ல. ஆனால் தேய்த்த சூட்டோடு தடத்துக்குக் கொண்டுபோனால் ஆபத்து. சூடான எஃகு பனியை உருக்கி வேகம் கூட்டும் என்பதால் புறப்பாட்டில் வெப்பநிலை அளப்பார்கள். அங்கே வைத்திருக்கும் ஒப்பீட்டு எஃகைவிட 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் தகுதி நீக்கம். தனிப் போட்டியில் ஒருவர்தான் போவார். இங்கே ஆறு பேரும் போவார்கள்.

கேசவன் இமயமலைச் சாலையில் சக்கர வண்டியில் பழகியதைப் பார்த்துவிட்டு, ஆழியாறு வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவிலோ கொல்லிமலையின் 70 வளைவிலோ சக்கரப் பலகையோடு இறங்க ஆசைப்படாதீர்கள். தரையோடு தரையாகப் படுத்து வருபவரைப் பஸ் டிரைவர் பார்க்கவே முடியாது, உங்களுக்கோ பிரேக் கிடையாது. மட்டமான ஸ்கேட்டிங் தளம் போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி ஊன்றி, சக்கரப் பலகையில் உட்கார்ந்து இழுத்துப் படுத்துப் பழகுங்கள். பதினைந்து மீட்டர் தள்ளிக் கயிற்றில் ஒரு துணிப்பந்தைத் தொங்கவிட்டு, போகிற போக்கில் எழும்பித் தட்டுங்கள். தட்டிய பிறகு தோள் வலித்தால் முழங்கையை விறைத்து நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சற்றே மடக்கி, உள்ளங்கையால் அடியுங்கள்.