பொம்மைப் பெட்டியில் வீசிய பூஞ்சை வாடை: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில், பிள்ளைகளின் பொம்மைகளை மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிய மறுவாரமே, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஈரச்சாக்கு வாடை வீசத் தொடங்கியது.

எல்லாவற்றையும் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி மீண்டும் அடுக்கினேன். 4 நாளில் வாடை திரும்பியது. அடுத்து பாச்சை உருண்டை போட்டு, அன்றே எடுத்துவிட்டேன். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடுள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. என் இளைய மகனுக்கு அக்குறைபாடு உண்டு. அக்குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அவ்வுருண்டை வேண்டவே வேண்டாம். சுவர் ஈரமோ என்று பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றியும் பயனில்லை.

ஒரு மாலை, குளியல் பொம்மையான மஞ்சள் வாத்தைத் தற்செயலாக அழுத்தினேன். வெளியே பளபளவென்றிருந்த அதன் அடித்துளையிலிருந்து கறுப்புத் துகள்கள் மிதக்கும் நீர் பீச்சியடித்தது. நான் ஊறவைத்த ஒவ்வொரு முறையும் அத்துளை வழியே நீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கியிருக்கிறது.

அத்தகைய 5 பொம்மைகளைக் குப்பையில் போட்டேன். புதிதாக வாங்கியவற்றின் துளையை, நீரில் படுமுன்பே சூட்டுப் பசையால் அடைத்தேன். மூடியிட்ட பெட்டிகளுக்குப் பதிலாக, இரவுச் சந்தையில் வாங்கிய பிரம்புக் கூடைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். 6 வாரமாக வாடை இல்லை, மனம் நிம்மதியாயிற்று.