வாயுக் கணக்கும் வெப்பக் கணக்கும்: சூத்திரத்துக்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள்

வாயு விதிக் கணக்கைப் பார்த்ததும் மாணவர்கள் பலர் சூத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு அவசரம் வேண்டாம். எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விதி தேவை என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

படி 1: கொடுத்ததை எழுதுங்கள்

வினா இது: 27 டிகிரி செல்சியஸில் 3 லிட்டர் கன அளவுள்ள வாயுவை, அழுத்தம் மாறாமல் 127 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு என்ன?

பழைய கன அளவு 3 லிட்டர். பழைய வெப்பநிலை 27 டிகிரி, புதியது 127 டிகிரி. அழுத்தம் மாறவில்லை. அப்படியென்றால் இது சார்லஸ் விதி: கன அளவும் வெப்பநிலையும் ஒரே விகிதத்தில் கூடும்.

படி 2: கெல்வினுக்கு மாற்றுங்கள்

மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் இதுதான். 3 × 127 ÷ 27 என்று போட்டு 14.1 லிட்டர் என விடை எழுதிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நூறு டிகிரி சூடேறியதற்கா வாயு ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருத்துவிடும்? செல்சியஸ் அளவில் சுழி என்பது தண்ணீர் உறையும் இடம் மட்டுமே. அங்கேயும் வாயு மூலக்கூறுகள் வேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விகிதம் போட வேண்டுமானால் அளவு உண்மையான சுழியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சுழி −273.15 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணும் அளவுதான் கெல்வின். நம் கணக்குகளுக்கு 273 என்று கொண்டாலே போதும்.

27 + 273 = 300 கெல்வின்
127 + 273 = 400 கெல்வின்
புதிய கன அளவு = 3 × 400 ÷ 300 = 4 லிட்டர்

படி 3: அழுத்தமும் மாறினால்

ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட சோதனையில், வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய முனையில் காற்றை அடைத்து, திறந்த முனை வழியே பாதரசம் ஊற்றினார். இரு பக்கப் பாதரச மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 29 அங்குல வேறுபாடு வந்தபோது காற்று பாதியாகச் சுருங்கியிருந்தது. அந்த 29 அங்குலப் பாதரசம் வெளிக்காற்றின் அழுத்தத்தை இன்னொரு மடங்கு கூட்டியது போல. ஆக, அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதி. வெப்பநிலை மாறாதவரைதான் இது செல்லும்.

மூன்றும் சேர்ந்து மாறினால் இப்படி எழுதலாம்:

பழைய அழுத்தம் × பழைய கன அளவு ÷ பழைய வெப்பநிலை = புதிய அழுத்தம் × புதிய கன அளவு ÷ புதிய வெப்பநிலை

மாறாமல் இருப்பதை இரு பக்கமும் அடித்துவிட்டால் பாயில் விதியும் சார்லஸ் விதியும் இதிலிருந்தே கிடைத்துவிடும். அதனால் இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

வினாவில் கிராம் கொடுத்திருந்தால் மோலாக (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) மாற்றுங்கள்; நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் போதும். 64 கிராம் ஆக்சிஜன் என்றால் 64 ÷ 32 = 2 மோல். இனி அழுத்தம் = மோல் × வாயு மாறிலி × வெப்பநிலை ÷ கன அளவு. அது 300 கெல்வினில் 10 லிட்டர் கலனில் இருந்தால், அழுத்தம் = 2 × 0.0821 × 300 ÷ 10, அதாவது சுமார் 4.93 வளிமண்டல அழுத்தம். 0.0821 என்ற வாயு மாறிலி லிட்டருக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கும் மட்டுமே பொருந்தும். பாஸ்கலும் கன மீட்டரும் வந்தால் 8.314 எடுக்க வேண்டும்.

படி 4: வெப்பக் கணக்கு

வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) × வெப்பநிலை மாற்றம்

இங்கே கெல்வினுக்கு மாற்றத் தேவையில்லை. வாயுக் கணக்கில் வெப்பநிலைகளை வகுக்கிறோம், இங்கே கழிக்கிறோம். 20இலிருந்து 50 வரை போனாலும் 293இலிருந்து 323 வரை போனாலும் வித்தியாசம் 30தான். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எங்கே 273 கூட்டுவது என்ற குழப்பம் மறுபடி வராது.

இனி −10 டிகிரியில் உள்ள 50 கிராம் பனிக்கட்டியை 20 டிகிரித் தண்ணீராக மாற்றுவோம். ஒரே வரியில் போட முயலாதீர்கள். பாதையை மூன்றாக வெட்டுங்கள். தன் வெப்ப ஏற்புத்திறன் பனிக்கட்டிக்கு 2.1, தண்ணீருக்கு 4.18; ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் தேவை.

பனிக்கட்டி 0 டிகிரிக்கு வர: 50 × 2.1 × 10 = 1,050 ஜூல்
0 டிகிரியிலேயே உருக: 50 × 334 = 16,700 ஜூல்
தண்ணீர் 20 டிகிரிக்கு ஏற: 50 × 4.18 × 20 = 4,180 ஜூல்
மொத்தம் 21,930 ஜூல்

நடு வரியைப் பாருங்கள். வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறவில்லை, ஆனால் வெப்பத்தில் பெரும்பங்கை அதுவே விழுங்கியிருக்கிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகளை ஒழுங்காகக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்தவே அந்த ஆற்றல் செலவாகிறது. உருகுதலின் உள்ளுறை வெப்பம் என்பது இதுதான். இந்த வரியில் வெப்பநிலை மாற்றம் இல்லாததால் அதைப் பெருக்கலில் சேர்க்கக் கூடாது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

2 வளிமண்டல அழுத்தத்தில், 27 டிகிரி செல்சியஸில் ஒரு வாயு 4 லிட்டர் இருக்கிறது. அழுத்தம் 1 ஆகக் குறைந்து, வெப்பநிலை 177 டிகிரிக்கு ஏறினால் கன அளவு என்ன? கணக்கிடும் முன் ஊகித்துப் பாருங்கள்: அழுத்தம் குறைவதாலும் பெருக்கும், சூடேறுவதாலும் பெருக்கும். ஆகவே 4ஐவிடச் சிறிய எண் வந்தால் எங்கோ தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள். விடை 12 லிட்டர்.