ஸ்பாட்டுக்குப் போகும் ஓவிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியக் கல்லூரியில் ஸ்டூடியோவை விட்டு வெளியே போகும் நாள் என்றாலே முதலாண்டு மாணவர்களுக்குத் தனி உற்சாகம். ஸ்பாட் பெயிண்டிங் (ஓர் இடத்துக்கு நேரில் போய் அங்கேயே உட்கார்ந்து வரைவது), அருங்காட்சியகம், ஓவியர் ஒருவரின் பட்டறை என்று எங்கே கூட்டிப்போனாலும் சரி, கிளம்பும்போது இருக்கும் வேகம் திரும்பி வரும்போது தாளில் தெரிவதில்லை. நாங்கள் மாணவர்களாக இருந்தபோது செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் ஒவ்வொரு வருடமும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் அருங்காட்சியகம் முழுவதையும் பார்த்துவிட நினைப்பது

கடைசிக் கூடத்துக்கு வரும்போது கால் வலிதான் மிஞ்சும். முதலில் வேகமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். எதன் முன்னால் கால் தானாக நின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இரண்டு மூன்றின் முன்னால் மட்டும் உட்கார்ந்து வரையுங்கள். பாரிஸில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகம், 1793இல் திறந்த காலத்திலிருந்தே ஓவியர்களுக்குப் பிரதி எடுக்க இடம் கொடுத்துவருகிறது. அங்கே அனுமதி வாங்கியவர்கள் ஒரே படத்தின் முன்னால் வாரக்கணக்கில் நின்று வேலை செய்கிறார்கள்.

சிற்பம் என்றால் முன்பக்கத்தை வரைந்ததோடு நகர்ந்துவிடாதீர்கள். பின்னால் போய்ப் பாருங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது பல சிற்பங்களில் அங்கேதான் பிடிபடும்.

மை, வாட்டர்கலரோடு உள்ளே போவது

பல அருங்காட்சியகங்களில் பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

குறிப்பு எழுதாமல் வரைந்துகொண்டு வருவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். மற்ற தவறுகளால் ஒரு மணி நேரம் போகும், ஒரு தாள் கெடும். இதில் போய்வந்த பயணமே வீண். அதுவும் அன்றைக்குத் தெரியாது, ஸ்டூடியோவில் கான்வாஸ் முன்னால் நிற்கும்போதுதான் தெரியும்.

ஒரு மாணவன், நல்ல கை. பழைய ரயில் நிலையம் ஒன்றின் வளைவு வாசலை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்தான். கோடு சுத்தம், பெர்ஸ்பெக்டிவ் (தூரத்துக்கு ஏற்ப அளவு சிறுப்பது) சரி. சில வாரம் கழித்து அதை ஆயிலில் பெரிதாகப் போட ஆரம்பித்தான். “வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததுப்பா?” என்று கேட்டேன். யோசித்தான். “வாசல் எவ்வளவு உயரம்? ஆள் நின்றால் எதுவரைக்கும் வருவான்?” அதற்கும் பதில் இல்லை. “போட்டோ இருக்கு சார்” என்று போனை நீட்டினான்.

போட்டோவில் வளைவின் உட்புறம் ஒரே கறுப்பு. அவனும் கறுப்பையே பூசியிருந்தான். கான்வாஸில் ஓட்டை விழுந்தது போல இருந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன், அந்த நிழல் கறுப்பே இல்லை. தரையில் விழுந்த வெயில் எகிறி வளைவின் உட்கூரையில் மங்கிய ஆரஞ்சாகப் படிந்திருந்தது. பக்கச் சுவரில் வானத்தைப் பார்த்த இடமெல்லாம் நீலச் சாம்பல். அத்தனை நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்க்காமலா இருந்திருப்பான்? பார்த்திருப்பான். எழுதி வைக்கவில்லை, போய்விட்டது.

போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன் கேமரா, வெளிச்சமும் நிழலும் சேர்ந்து இருக்கும் இடத்தில் கண் அளவுக்கு இரண்டையும் பிடிப்பதில்லை. வானத்துக்கு ஏற்ப எடுத்தால் நிழல் கறுத்துவிடும், நிழலுக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெளுத்துவிடும். சாயங்கால வெயிலின் மஞ்சளை அதுவாகவே திருத்திக் குறைத்துவிடும். லென்ஸ் அகலமானது என்பதால், கிட்டே போய் எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்து, பின்னால் இருப்பது சிறுத்துப்போகும். ஜன்னலின் கம்பி வேலைப்பாட்டைச் சரிபார்க்க அது போதும். நிறத்துக்கும் அளவுக்கும் அதை நம்பாதீர்கள்.

அதனால் ஸ்கெட்ச் மேலேயே எழுதுங்கள். மணி என்ன, வெளிச்சம் வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி, கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கோடு. நிறத்தை எழுதும்போது ‘பச்சை’ என்று மட்டும் எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. ‘கதவைவிட இரண்டு படி இருட்டு, மஞ்சள் ஏறிய பச்சை’ என்று பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

இப்படிச் சொன்னால், எழுத்து விழுந்தால் ஸ்கெட்ச் அழகு கெட்டுப்போகும் என்கிறார்கள். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தபோது, பல தாள்களின் பின்னால் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832இல் மொராக்கோவுக்குப் போனபோது நிரப்பிய நோட்டுகளில் படத்துக்குப் பக்கத்திலேயே நிறக் குறிப்புகள் இருக்கின்றன. அந்த ஒரு பயணத்தில் சேர்த்ததை வைத்து, 1863இல் இறக்கும்வரை அவரால் படங்கள் வரைய முடிந்தது. பின்பக்கம் எழுதுங்கள், ஓரத்தில் எழுதுங்கள், எப்படியோ எழுதுங்கள்.

நகரும் நிழலைத் துரத்துவது

சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே மாற்றி மாற்றிப் போட்டால், ஒரே படத்தில் மரத்தின் நிழல் ஒரு பக்கமும் சுவரின் நிழல் இன்னொரு பக்கமும் விழும். உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லைகளைக் கோடு போட்டு மூடிவிடுங்கள். பிறகு அது எங்கே போனாலும் தொடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே, ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்தபோது வெளிச்சம் மாற மாற வேறு கான்வாஸுக்குப் போனார். ஒரே கான்வாஸில் காலையையும் மத்தியானத்தையும் அவரே கலக்கவில்லை.

எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருவது

பேச்சுதான் நடக்கும். பிரிந்து உட்காருங்கள்.

தெரியாதவர்களை உற்றுப் பார்த்து வரைவது

கேளுங்கள். வேண்டாம் என்றால் நகருங்கள்.

பட்டறைக்குப் போய்ப் பொதுவாகக் கேள்வி கேட்பது

“உங்களுக்கு எப்படி இந்த யோசனை வருகிறது?” என்று கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். எதிரே இருக்கும் வேலையைக் காட்டிக் கேளுங்கள். இந்த அடுக்கு காய எத்தனை நாள் ஆனது, இந்த மூலையில் எதை அழித்தீர்கள், அடியில் என்ன நிறம் போட்டீர்கள் என்று கேட்டால் எந்த ஓவியரும் எழுந்து வந்து காட்டுவார்.

திரும்பிய அன்றே ஸ்கெட்ச்புக்கைத் திறக்காமல் விடுவது

மறுநாளைக்குள் பாதி மறந்துவிடும். அன்று ராத்திரியே உட்கார்ந்து விட்டுப்போன குறிப்புகளை எழுதுங்கள், ஆனால் வேறு நிறப் பென்சிலில். நேரில் பார்த்து எழுதியது எது, நினைவிலிருந்து எழுதியது எது என்று பின்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் மோதினால் நேரில் எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.