இடுப்பு மூட்டுத் தேய்மானம்: நடையைக் கவனிப்பதும் கைத்தடியைப் பிடிப்பதும்

‘இடுப்பு வலி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகு வலியைத்தான். இடுப்பு மூட்டு இருப்பதோ வேறோர் இடத்தில். தொடையெலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தும் அந்த மூட்டு, தொடை இடுக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே அது தேயும்போது வலி கவட்டையிலும் முன்தொடையிலும், சில சமயம் பிட்டத்திலும் தெரியும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் சில நரம்புகள் பொதுவாக இருப்பதால், முழங்கால் மட்டுமே வலிப்பவர்களும் உண்டு. அவர்கள் முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, தைலம் தேய்த்து, மாதக்கணக்கில் அலைவதைக் காண்கிறோம்.

வலி இடுப்பு மூட்டிலிருந்து வருகிறதா என்று ஐயம் எழுந்தால், நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை அசைக்காமல், பாதத்தை மட்டும் மெதுவாக வெளிப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். தொடை உள்நோக்கித் திரும்பும் இந்த அசைவுதான் பெரும்பாலும் முதலில் குறைகிறது. மற்றக் காலைவிட இது பாதியில் நின்று, கவட்டையில் வலித்தால், ஐயத்துக்கு இடமுண்டு. சம்மணமிட முடியாமை, கால் நகம் வெட்டவோ செருப்பு வாரை மாட்டவோ எட்டாமை, காலையில் எழுந்ததும் தோன்றிச் சற்று நடந்ததும் தளரும் விறைப்பு ஆகியவையும் இதன் துணை அடையாளங்களே.

நடை ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, ஊன்றிய காலின் எடையைக் கழித்தால், ஏறத்தாழ 50 கிலோ அந்த மூட்டின் உட்பக்கம் தொங்குகிறது. அது இடுப்பைச் சரிக்காமல் தாங்குவது இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள். ஆனால் மூட்டிலிருந்து அவற்றின் தொலைவு எடையின் தொலைவில் பாதிதான் என்பதால், குட்டைக் கையால் நெம்புபவரைப் போல அவை இருமடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 150 கிலோ மூட்டின்மேல் அழுந்துகிறது, அதுவும் ஒவ்வோர் அடியிலும். உடலை வலிக்கும் பக்கமாகச் சாய்த்தால் எடையின் தொலைவு குறைந்து சுமையும் குறையும். சாய்ந்து சாய்ந்து நடப்பவரை ‘நிமிர்ந்து நட’ என்று வீட்டார் அதட்டுவது அதனால்தான் வீண். அவர் உடல் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டது. ஆயினும் அந்தச் சாய்வை நாளெல்லாம் முதுகு சுமக்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

நடையை அறிய, ஒருவரைக் கைபேசியில் படமெடுக்கச் சொல்லி, பத்தடி தூரம் இயல்பாக நடந்து பாருங்கள். பின்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. வலிக்கும் கால் தரையில் தங்கும் நேரம் குறைவாக இருக்கும்; கண்ணை மூடிக் கேட்டாலே காலடி ஓசை ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் வருவது தெரியும். பின்னாலிருந்து எடுத்த படத்தில், வலிக்கும் காலில் நிற்கும்போது தோள் அப்பக்கம் சாய்கிறதா, அல்லது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சரிவு தசைத் தளர்ச்சியின் அடையாளம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். பக்கவாட்டுப் படத்தில், வலிக்கும் கால் உடலுக்குப் பின்னே போதிய அளவு நீளாததையும், அதை ஈடுகட்ட முதுகு வளைவதையும் காணலாம்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்; அது இயல்பாகத் தோன்றினாலும் பயன் குறைவு. எதிர்க் கையிலுள்ள தடி மூட்டிலிருந்து வெகு தொலைவில் ஊன்றப்படுவதால், அதில் 5 கிலோ அளவு அழுத்தினாலே மேற்சொன்ன 150 கிலோ ஏறத்தாழ 100 கிலோவாக இறங்கிவிடும். செருப்பணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும்; பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கும். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் அது வழுக்கும்.

காய்கறிப் பையை வலிக்கும் பக்கக் கையிலேயே எடுத்துச் செல்லலாம். முரணாகத் தோன்றும், ஆனால் எதிர்ப்பக்கச் சுமைதான் தசையை மேலும் இழுக்க வைக்கும்.

தடியோடு தசைக்கும் வேலை வேண்டும். ஒருக்களித்துப் படுத்து மேலுள்ள காலை நேராக உயர்த்துவதும், மல்லாந்து முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்குவதும் எளிய தொடக்கங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. பயிற்சியின்போது சிறிது வலிப்பது பொறுக்கத்தக்கது. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலி மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, காய்ச்சலுடன் மூட்டுவலி, படுத்தாலும் ஓயாத வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். இளவயதினருக்குக் கவட்டை வலி நீடித்தால், குறிப்பாக ஸ்டீராய்டு மருந்தோ மதுப்பழக்கமோ இருந்தால், தொடையெலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், எக்ஸ்ரேயோடு கைபேசியில் எடுத்த நடையையும் காட்டுங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நடையை அவரால் பார்க்க முடியாது.